எந்தக் கலர் மிஷின் நல்லது?

கூரை போடுகிற கோகிலாமணியிடம் ஒரு சீடர் இருந்தார். சீடர் என்றதும் கைகட்டி நிற்கிற சின்னப் பையனை நினைத்துக்கொள்ள வேண்டாம். திருமூர்த்திக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மேஸ்திரி கோகிலாமணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அவர் இவரை "மேஸ்திரி" என்பார். இவர் அவரை "அண்ணா" என்பார். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைச்சலில்லை.

உடுமலைப் பக்கம் தகரக் கூரை என்றால் கோகிலாமணி செட்டுதான். கோழிப் பண்ணையோ, பட்டுப்புழு மனையோ, அவர் போட்ட கூரை ஆடிக் காற்றில் பறந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. செட்டு என்றால் பெரிய பட்டாளமும் இல்லை. கோகிலாமணி, ரங்கு, ஜாபர், கடைசியாக வந்து சேர்ந்த திருமூர்த்தி. அவ்வளவுதான்.

திருமூர்த்தி பல வருஷம் வெளிநாட்டுப் பட்டறைகளில் இரும்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கை சுத்தமான கை. கூரை மட்டும்தான் புதுசு.

"மேல ஏறி வேலை கத்துக்கோணும்னு ஆசைங்க மேஸ்திரி" என்று ஒரு நாள் வந்து நின்றார்.

"ஏறுங்கண்ணா" என்றார் கோகிலாமணி.

தீட்சை முடிந்தது.

திருமூர்த்திக்கு ஒரே ஒரு பலவீனம். குடியா, சீட்டாட்டமா என்றால் அதெல்லாம் கிட்டவே வராது. மிஷின். வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுகிற மிஷின்.

அவருடைய பழைய வேனின் பின்கதவைத் திறந்தால், அடேயப்பா, கண்ணு பட்டுவிடும்! ஸ்க்ரூ முடுக்குகிற மிஷின் சிவப்பு. துளை போடுகிற மிஷின் நீலம். தேய்க்கிறது கறுப்பு. தூசி ஊதுகிறது ஆரஞ்சு. ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து அவரே செய்த மரத் தட்டு. வண்டி குலுங்கினால் அடிபடக் கூடாது என்று தட்டுக்குள் பஞ்சு வேறு. பெத்த பிள்ளையைத் தொட்டிலில் போட்டவர்கள்கூட இவ்வளவு பதமாகப் போட்டிருக்க மாட்டார்கள். குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஒரு தொல்லைதான். ஒவ்வொரு கலரும் ஒவ்வொரு கம்பெனி. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினில் உட்காராது. சாதி மாறிச் சம்பந்தம் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசித் தீர்மானம் போட்டுவிட்டார்கள் போல. அதனால் கலருக்கு ஒரு பேட்டரி, பேட்டரிக்கு ஒரு சார்ஜர் என்று வீடு நிறைந்துவிட்டது. திருமூர்த்தியின் மனைவி காலையில் மிக்ஸி போடப் பிளக் தேடி அலைவார்.

ஒரு நாள் கோகிலாமணி வேன் பக்கம் வந்தார். சிவப்பு மிஷினை எடுத்துக் கையில் எடை பார்த்தார். விசையை அழுத்தினார்.

"அட! என்ன சன்னமான சத்தமுங்கண்ணா! கை உதறவே இல்லையே."

திருமூர்த்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நீலமும் புடிச்சுப் பாருங்க மேஸ்திரி."

கோகிலாமணி நீலத்தைப் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்ண்ணா, இதையும் சிவப்புலயே வாங்கியிருக்கலாமே?"

"ஸ்க்ரூவுக்குச் சிவப்புங்க. தொளை போடறதுக்கு நீலத்தை அடிச்சுக்க ஆளில்லீங்க."

"கறுப்பு?"

"தேய்க்கறதுல அதுதானுங்க ராஜா."

கோகிலாமணி ஒவ்வொன்றையும் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் கேலி துளியும் கிடையாது. நல்ல பொருளைக் கண்டால் நல்லது என்று சொல்கிற மனுஷி அவர். பார்த்து முடித்து, இருந்த தட்டிலேயே பத்திரமாக வைத்தார்.

திருமூர்த்தி மெல்லக் கேட்டார்.

"மேஸ்திரி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எந்தக் கலர் நல்லது? நீங்க சொல்றதை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததைத் தலைமுழுகிடறேன். எனக்கு நிம்மதியே இல்லீங்க. ஒண்ணு வாங்கிட்டு வந்தா இன்னொண்ணு கடைக்குள்ள இருந்து கூப்பிடுது."

"கூப்பிடத்தான் செய்யும். அத்தனை அழகா இருக்குதல்லங்க."

"பதில் சொல்லலீங்களே."

"ஷீட்டை ஏத்துங்கண்ணா. வெயில் ஏறுது."

அதோடு சரி. அதற்கப்புறமும் பல தடவை கேட்டார். டீக்கடையில் கேட்டார், பஞ்சர் கடையில் கேட்டார், கூரை மேலே நின்றுகொண்டும் கேட்டார். கோகிலாமணி ஒவ்வொரு தடவையும் வேறு வேலையைக் காட்டினார்.

கோகிலாமணி செட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் மூன்று பேரிடமும் பச்சை மிஷின். பழசு, கீறல் விழுந்தது, பிடியில் டேப் சுற்றியது. காலையில் வேலைக்கு வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் பேட்டரிகளை ஒரு தக்காளிப் பெட்டியில் கொட்டிவிடுவார்கள். யார் பெயரும் எதன் மேலும் இருக்காது. பெட்டியும் அவர்களோடு கூரைக்கு ஏறும். மேலே ஒருவன் மிஷின் நின்றுபோனால் "காலி!" என்று ஒரு குரல் கொடுப்பான். பெட்டி எட்டாத இடமென்றால், பக்கத்தில் இருக்கிறவன் தன் மிஷினிலிருந்தே பேட்டரியைக் கழற்றி நீட்டிவிடுவான். அப்புறம் அவன் பாடு, பெட்டி பாடு.

முதல் தடவை அதைப் பார்த்தபோது திருமூர்த்திக்குப் பகீரென்றது.

"யாரோட பேட்டரி யார்கிட்டப் போச்சுன்னு தெரிய வேண்டாமுங்களா?" என்று ரங்குவிடம் கேட்டார்.

"எதுக்குங்ண்ணா? பேட்டரிக்கு நம்மளத் தெரியுமா என்ன?" என்றான் ரங்கு.

திருமூர்த்தி அந்தப் பெட்டியில் எதையும் போட்டதில்லை. போட்டாலும் யாருக்கும் பயன்படாதே. தன் பேட்டரியைத் தன் இடுப்புப் பையில் வைத்துக்கொள்வார். அவர் வாயிலிருந்து "காலி" என்ற சொல் ஒரு நாளும் வந்ததில்லை. யாரிடமும் கை நீட்டாமல் வேலை பார்க்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு மிடுக்கு இருந்தது. இருக்கட்டும், உழைத்துச் சேர்த்த மனுஷனுக்கு அந்த மிடுக்குகூட இல்லாமல் எப்படி?

ஆடி மாதம். ஒரு சாயங்காலம் காற்று பேயாட்டம் ஆடியது. அன்றைக்குப் பார்த்துத்தான் திருமூர்த்தி புதிதாக ஒரு மஞ்சள் மிஷின் வாங்கி வந்திருந்தார். தகரத்தை வெண்ணெய் மாதிரி வெட்டுகிற மிஷின். வீட்டுக்கு வந்ததும் புதுப் பெண்டாட்டிக்கு இடம் கொடுக்கிற மாதிரி, சிவப்பின் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, இன்னும் சார்ஜ் ஏறாத அதன் உபரி பேட்டரியைப் பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மஞ்சளின் சார்ஜரைச் செருகினார். அது நிறைந்ததும் சிவப்பை மறுபடி போடலாம் என்று நினைப்பு. மஞ்சள் நிறைந்தது. கரண்ட் போய்விட்டது. மஞ்சளின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சிவப்பை மறந்தே போனார்.

விடிந்ததும் கோகிலாமணிக்கு போன் வந்தது. மாரக்காள் என்று ஒரு அம்மா. பட்டுப்புழு வளர்ப்பவர். மனையின் மேற்குப் பக்கக் கூரையைக் காற்று உரித்துக்கொண்டு போய்விட்டதாம். அது வேறு யாரோ போட்ட கூரை.

போய்ப் பார்த்தார்கள். உள்ளே தட்டுத் தட்டாகப் புழு. விரல் பருமனுக்கு வளர்ந்து, இன்னும் இரண்டு மூன்று நாளில் கூடு கட்டப் போகிற புழு. மல்பெரித் தழையை அரக்கப் பரக்கத் தின்றுகொண்டிருந்தது. மேலே தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இந்த நேரத்துல ஈரம் பட்டுச்சுன்னா அத்தனையும் நோவுல போயிருமுங்க" என்றார் மாரக்காள். "வேற எடத்துக்கும் மாத்த முடியாது. இந்தக் கூட்டை நம்பித்தான் இருக்கறனுங்க அம்மிணி."

கோகிலாமணி மேற்கே பார்த்தார். ஆனைமலைப் பக்கம் வானம் கருகருவென்று இருந்தது.

"மழைக்கு முன்ன மூடிடலாமுங்க்கா" என்றார். "நீங்க புழுவுக்குத் தழை போடுங்க."

அந்த ஊரில் அன்றைக்கும் கரண்ட் இல்லை. காற்றில் கம்பம் சாய்ந்து கிடந்தது. ஆளாளுக்கு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். திருமூர்த்தியின் மஞ்சள் மிஷின் அன்று காலையில் செய்த வேலை இருக்கிறதே, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வளைந்து நெளிந்த பழைய தகரத்தை நறுக் நறுக்கென்று வெட்டித் தள்ளியது. ஜாபர் விசில் அடித்தான். "அண்ணனோட மிஷின் இல்லீன்னா பாதி நாள் இதுலயே போயிருக்கும்" என்று கோகிலாமணியே சொன்னார்.

அப்புறம் புது ஷீட் ஏறியது. ஒவ்வொன்றாக வைத்து, இரும்புச் சட்டத்தோடு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே போனார்கள். இடையிடையே "காலி!" கேட்டது. பெட்டியில் இருந்த பச்சை பேட்டரிகளும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. மத்தியானம் போல எல்லா ஷீட்டும் ஏறிவிட்டது. ஓரத்தில் கடைசி ஷீட் ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் காற்று திரும்ப வந்தது.

கடைசி ஷீட்டின் மேல் முனையில் திருமூர்த்தி இருந்தார். கீழ் முனையை ஜாபர் அமுக்கிப் பிடித்திருந்தான். திருமூர்த்தி முதல் ஸ்க்ரூவை இறக்கினார். இரண்டாவது ஸ்க்ரூ பாதி இறங்கும்போது சிவப்பு மிஷின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

ஒரு கையால் ஷீட்டை அமுக்கிக்கொண்டு மறு கையால் இடுப்புப் பையைத் துழாவினார். உபரி பேட்டரியை மாட்டினார். மிஷின் அசையவில்லை. அப்போதுதான் நேற்றைய சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

காற்று ஷீட்டுக்கு அடியில் புகுந்து தூக்கியது. போட்ட ஒற்றை ஸ்க்ரூவும் கிறீச்சிட்டது. அது பிடுங்கிக்கொண்டால் இந்த ஷீட்டோடு போகாது. பக்கத்து ஷீட்டையும் கிளப்பிக்கொண்டுதான் போகும்.

கீழே மாரக்காள் ஓடி வந்தார்.

"ஏனுங், என்ன வேணுமுங்க? வண்டியில இத்தனை பேட்டரி கெடக்குதே! எந்தக் கலரு எடுத்தாரட்டும்?"

திருமூர்த்தி வாயைத் திறந்தார். என்ன சொல்வது? நீலம் நிறைந்து கிடக்கிறது. மஞ்சள் நிறைந்து கிடக்கிறது. கறுப்பும் ஆரஞ்சும்கூட நிறைந்துதான் கிடக்கின்றன. ஒன்றும் சிவப்பில் சேராது. நீல மிஷினையே மேலே வரவழைக்கலாம். அதற்குள் கூரை மிஞ்சாது.

முதல் துளி அவர் புறங்கையில் விழுந்தது.

"காலி!" என்று அலறினார் திருமூர்த்தி.

அவர் சொல்லி முடிக்கவில்லை, ஜாபரின் கை நீண்டது. யோசிக்காமல், பழக்கதோஷத்தில், தன் மிஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றி நீட்டினான். பச்சை பேட்டரி.

திருமூர்த்தி அதை வாங்கினார். சேராது என்று அவருக்குத் தெரியாதா? உலகத்தில் எந்தப் பேட்டரி எதில் சேரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் சிவப்பின் அடியில் வைத்து அழுத்தினார். திருப்பி வைத்து அழுத்தினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கொடுக்க ஒருவன் இருந்தும் வாங்கிக்கொள்ள வழியில்லாமல் போன வேதனை அது.

"ஜாபரு, மிஷினையே அண்ணன்கிட்டக் குடு!" என்றது கோகிலாமணியின் குரல்.

கோகிலாமணி உச்சியிலிருந்து தவழ்ந்து வந்தார். வந்தவர் மிஷின் எதையும் எடுக்கவில்லை. ஷீட்டின் மேலே குப்புறப் படுத்துவிட்டார். பாரத்துக்கு அவரே. ஜாபர் தன் மிஷினைக் கொடுத்துவிட்டு அவருக்குக் கீழே படுத்தான். ரங்கு வந்து ஓரத்தில் படுத்தான். மேஸ்திரியும் செட்டும் ஒரு தகரத்தின் மேல் வரிசையாகப் படுத்துக் கிடந்த அழகை என்னவென்று சொல்வது!

"அடிங்கண்ணா" என்றார் கோகிலாமணி, தகரத்தில் கன்னம் பதிய.

"நானுங்களா மேஸ்திரி?"

"உங்க கைதான் உதறாது. அடிங்க."

திருமூர்த்தி அடித்தார். டேப் சுற்றிய பச்சை மிஷின் கையில் கடகடவென்று ஆடியது. ஆடினாலும் ஸ்க்ரூ இறங்கியது. அவர்கள் கையை ஒட்டி, தோளை ஒட்டி, காலை ஒட்டி ஸ்க்ரூ இறக்கினார். ஒன்றுகூடக் கோணவில்லை. பாதியில் மிஷின் நின்றது.

"காலி!"

ரங்கு படுத்தபடியே தன் மிஷினிலிருந்து கழற்றிக் கொடுத்தான். பேட்டரி டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் திருமூர்த்தியின் காதில் தேனாய் விழுந்தது. அதுவும் தீர்ந்தது. "காலி!" கோகிலாமணி இடுப்பில் செருகியிருந்த தன் மிஷினிலிருந்து கழற்றிக் கொடுத்தார். டக்.

கடைசி ஸ்க்ரூ தலை அமுங்கியபோது மழை கொட்ட ஆரம்பித்தது.

இறங்கி வந்து மனையின் முன்னறையில் ஒதுங்கினார்கள். நாலு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ஈரத்தோடு புழு இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது. வாசலிலேயே நின்றார்கள். மாரக்காள் உள்ளே போய்த் தட்டுத் தட்டாகப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கோகிலாமணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திருமூர்த்தியின் கையையும் பிடித்தார். திருமூர்த்தி கூசிப்போய் இழுத்துக்கொண்டார்.

மாரக்காள் டீ வைக்கப் போனார். ஜாபரும் ரங்குவும் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருமூர்த்தி மேஸ்திரியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான்தானுங்க கெடுக்கப் பார்த்தேன்."

"உங்க கைதானுங்க முடிச்சுது."

"இப்பவாவது சொல்லுங்க மேஸ்திரி. எந்தக் கலர் நல்லது? பச்சைதானுங்களே?"

"பச்சையா?" கோகிலாமணி சிரித்தார். "உங்க சிவப்புதானுங்கண்ணா நல்லது. அதுல சந்தேகமே வேண்டாம். பச்சை அதுக்குக் கிட்டவே வராது."

திருமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது எப்படீங்க உங்களுக்குத் தெரியும்?"

"முதல்ல நானும் சிவப்புதான் வெச்சிருந்தேன்."

"அப்புறம் ஏனுங்க பச்சைக்கு மாறுனீங்க?"

கோகிலாமணி தலைமுடியின் ஈரத்தைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"பொம்பளை மேஸ்திரிகிட்ட வேலைக்கு வர அப்ப ஆளே இல்லீங்கண்ணா. ரங்கு ஒருத்தன்தான் வந்தான். அவன் கையில பச்சை இருந்துச்சு."